அழிந்த ஒப்பந்தத்தின் பைட்கோடு

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரே ஒரு வேலை கொடுப்பது என் வழக்கம். பரிவர்த்தனைகளை பிளாக்குகளாகக் கோத்து வைக்கும் பொதுப் பதிவேடான எத்தீரியம் பிளாக்செயினின் முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்து, அங்கே இருக்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்டின், அதாவது சங்கிலியில் ஓடும் நிரலான ஒப்பந்தத்தின், பைட்கோடை (இயந்திரம் படிக்கும் வடிவிலான கோடை) எடுத்துவரச் சொல்வேன். பார்வைக்கு ஐந்து நிமிட வேலைதான். ஏதாவதொரு நோடிடம், அதாவது சங்கிலியின் பிரதியை வைத்திருக்கும் கணினியிடம், ‘ஈத் கெட்கோட்’ என்ற அழைப்பில் முகவரியை வைத்து அனுப்பினால், ஒப்பந்தத்தின் கோடு ஹெக்ஸாடெசிமல் (பதினாறடிமான) எண்களாக, ஒரே நீண்ட சரமாகத் திரும்பி வரும். அண்மையில் சேர்ந்த தம்பி அரை மணி நேரம் கழித்து வந்து, “அண்ணா, அந்த முகவரியில் கான்ட்ராக்டே இல்லை. வெறும் ‘சுழியம் எக்ஸ்’ மட்டும்தான் வருகிறது. முகவரியை எழுதும்போது ஏதாவது மாறிவிட்டதா?” என்று கேட்டார்.

முகவரி மாறவில்லை. அவருக்குக் கிடைத்த விடையும் சரியானதே. அவர் கேட்ட கேள்விதான் முழுமையாக இல்லை. அந்தக் குறையை அவரே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முகவரியைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே வெற்று விடையின் முன் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். அன்று கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில், ‘சுழியம் எக்ஸ்’ என்ற ஹெக்ஸாடெசிமல் முன்னொட்டு மட்டும் வரும் வெற்று விடைக்கு எத்தனை பொருள் இருக்க முடியும் என்று பாருங்கள். அது ஒரு தனிமனிதரின் சாதாரணக் கணக்காக இருக்கலாம்; அதற்குக் கோடு என்று எதுவும் கிடையாது. அந்த முகவரியில் இனிமேல்தான் ஒப்பந்தம் நிறுவப்பட இருக்கலாம். ஒப்பந்தம் வேறொரு பிளாக்செயினில் இருந்து, நாம் எத்தீரியத்தின் முதன்மைச் சங்கிலியில் தேடிக்கொண்டிருக்கலாம். ஒரே முகவரி பல சங்கிலிகளில் செல்லுபடியாகும் என்பதால் இந்தத் தவறு அன்றாடம் நடக்கிறது. நோடு பின்தங்கியிருந்து, நேற்று நிறுவப்பட்ட ஒப்பந்தத்தை இன்னும் பார்க்காமலே இருக்கலாம். ஒப்பந்தம் இருந்து, பிறகு அழிக்கப்பட்டிருக்கலாம். இத்தனைக்கும் நோடு தரும் விடை ஒன்றேதான். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே எந்தச் சங்கிலியோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை ‘ஈத் செயின்ஐடி’ என்ற அழைப்பால் உறுதிசெய்துகொள்ளாமல் கோடைக் கேட்பதில்லை என்பதை நான் ஒரு கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

நான் தம்பியிடம் கொடுத்த முகவரி, பாரிட்டி நிறுவனத்தின் பல்கையொப்ப வாலட்டுகளின், அதாவது பலர் ஒப்புதல் தந்தால்தான் பணம் வெளியேறும் ஒப்பந்தங்களின், நூலக ஒப்பந்தத்துக்கு உரியது. அதன் கதையை அறிந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஆனாலும் பைட்கோடை எடுக்கும் வேலைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது என்பதால் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலை 19 அன்று அந்த வாலட்டின் முந்தைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக 1,53,037 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) திருடப்பட்டது. உடனே திருத்திய பதிப்பு நிறுவப்பட்டது. ஒவ்வொரு வாலட்டிலும் முழுக் கோடையும் வைத்தால் செலவு கூடும் என்பதற்காக, வேலை செய்யும் பகுதியெல்லாம் ஒரே நூலக ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டது. வாலட்டுகள் மெலிந்த ஓடுகளாக இருந்து, வரும் கட்டளைகளை, வேறொரு ஒப்பந்தத்தின் கோடைத் தன் இடத்தில் ஓட்டும் ‘டெலிகேட்கால்’ வழியாக, அந்த நூலகத்திடம் ஒப்படைத்தன. ஆனால் அந்த நூலகமும் தன்னளவில் ஒரு வாலட்டுக்குரிய கோடைக் கொண்டிருந்தது. அதற்கு உரிமையாளர் யாரும் குறிக்கப்படவில்லை. 2017 நவம்பர் 6 அன்று ஒருவர் அதை நேரடியாக அழைத்துத் தன்னை உரிமையாளராக்கிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள், 45,01,969-ஆம் பிளாக்கில், அழிப்புக் கட்டளையை அனுப்பினார். நூலகம் மறைந்தது. அதை நம்பியிருந்த 587 வாலட்டுகளில் 5,13,774 ஈதர் சிக்கிக்கொண்டது.

இன்றைய நிலையில் அந்த முகவரியைக் கேட்டால் வெற்று விடை வருவதற்குக் காரணம் இதுதான். ‘ஈத் கெட்கோட்’ அழைப்பு இரண்டு விவரங்களைப் பெறுகிறது: முகவரி ஒன்று, பிளாக் எண் இன்னொன்று. பெரும்பாலான கருவிகள் இரண்டாவதைத் தாமாகவே ‘லேட்டஸ்ட்’ என்று நிரப்பிவிடுவதால் அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படுவதில்லை. அழிவுக்கு முந்தைய பிளாக்கான 45,01,968-ஐ அந்த இடத்தில் வைத்தால் நூலகத்தின் கோடு முழுதாக வந்து நிற்கும். 45,01,969 என்று கேட்டால் வராது. ஏனென்றால் பிளாக் எண்ணைக் கொடுக்கும்போது அந்த பிளாக்கின் பரிவர்த்தனைகள் எல்லாம் நடந்து முடிந்த பிறகான நிலைதான் விடையாகக் கிடைக்கிறது. இன்னொரு சின்ன விஷயம், பிளாக் எண்ணையும் ஹெக்ஸாடெசிமலில்தான் கொடுக்க வேண்டும். 45,01,968 என்பது அங்கே ‘44பி1டி0’ ஆகிவிடும்.

என் முதல் இரவில் இந்த இரண்டாவது விவரத்தைக் கண்டுபிடித்த பிறகும் வேலை நடக்கவில்லை. என் கணினியில் ஓடிக்கொண்டிருந்த நோடு ‘மிஸ்ஸிங் ட்ரை நோட்’ என்று சொல்லிக் கையை விரித்தது. நோடை ஓட்டும் கெத் மென்பொருளில் சாதாரண முழு நோடு கடைசி 128 பிளாக்குகளின் நிலையை மட்டுமே கையருகே வைத்திருக்கும். இன்றைய 12 விநாடிக் கணக்கில் அது அரை மணி நேரத்துக்கும் குறைவு. 2017-இன் நிலையைக் கேட்க வேண்டுமென்றால், எல்லா பிளாக்குகளின் நிலையையும் சேர்த்து வைத்திருக்கும் ஆர்க்கைவ் நோடு தேவை. அதை வீட்டில் வைத்துக்கொள்ளப் பெரிய வட்டு வேண்டும் என்பதால் பலரும் சேவை நிறுவனங்களிடம்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன்.

இங்கே கோடு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்கும் நான்கு மதிப்புகளால் ஆனது: பரிவர்த்தனை எண்ணிக்கை, இருப்புத் தொகை, சேமிப்பின் வேர் ஹாஷ், கோடின் ஹாஷ். ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிடப்படும், நீளம் மாறாத ஒரு கைரேகை. கணக்குக்குள் கோடு கிடையாது. அதன் ஹாஷ் மட்டுமே இருக்கிறது. கோடு தனியாக, அந்த ஹாஷையே சாவியாகக் கொண்டு தரவுத்தளத்தில் கிடக்கிறது. ஒரே கோடைக் கொண்ட ஆயிரம் ஒப்பந்தங்கள் இருந்தாலும் கெத்தின் வட்டில் பிரதி ஒன்றுதான். ஒப்பந்தம் அழியும்போது போவது கணக்குதான். வேறு எந்தக் கணக்கு அதே கோடைச் சுட்டுகிறது என்று நோடு எண்ணிக்கொண்டிருப்பதில்லை என்பதால், அந்தக் கோடின் பைட்டுகள் பெரும்பாலும் வட்டிலேயே இருந்துவிடுகின்றன. பொருள் அலமாரியில் இருக்கிறது, எந்த அலமாரி என்ற குறிப்புதான் தொலைந்துவிட்டது. ஆர்க்கைவ் நோடு காப்பாற்றி வைத்திருப்பது அந்தக் குறிப்பைத்தான். கோடே இல்லாத கணக்குக்கும் ஒரு ஹாஷ் உண்டு. வெற்றுச் சரத்தின் ஹாஷான அது ‘சி5டி24601’ என்று தொடங்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வீட்டு எண்போலப் பழகிவிடும்.

சேவை நிறுவனத்தின் நோடு எனக்குக் கோடைக் கொடுத்தது. அது உண்மையில் அந்த ஒப்பந்தத்தின் கோடுதானா என்பதை எப்படி நம்புவது? இந்தக் கேள்வியை எழுப்பாமல் எடுத்த கோடை வைத்து அறிக்கை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ‘ஈத் கெட்ப்ரூஃப்’ என்ற இன்னொரு அழைப்பு இருக்கிறது. அது கணக்கின் நான்கு மதிப்புகளையும், அவை அந்த பிளாக்கின் நிலை மரத்தில் (எல்லாக் கணக்குகளையும் ஹாஷ்களால் இணைக்கும் அமைப்பில்) இருப்பதற்கான சான்றுச் சங்கிலியையும் தருகிறது. வந்த கோடை நாமே ஹாஷ் செய்து கணக்கிலுள்ள ஹாஷுடன் ஒப்பிடலாம். சான்றுச் சங்கிலியை இலையிலிருந்து வேர்வரை நாமே கணக்கிட்டு, பிளாக் தலைப்பில் பொறிக்கப்பட்ட நிலை வேருடன் ஒப்பிடலாம். பிளாக் தலைப்பின் ஹாஷை வேறு பல இடங்களில் சரிபார்க்கலாம். இத்தனையும் பொருந்தினால், கோடைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் கவலையில்லை. ஒரு பைட் மாறியிருந்தாலும் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று இரவு எனக்கு ஹாஷ் பொருந்தவில்லை. சேவை நிறுவனம் தவறான கோடைத் தருகிறது என்றே நினைத்து, வேறொரு நிறுவனத்திடமும் கேட்டுப் பார்த்தேன். அதே கோடு, அதே பொருந்தாமை. விடியும் நேரத்தில்தான் தவறு என்னுடையது என்று தெரிந்தது. பைத்தானோடு வரும் ‘ஷா3-256’ செயல்கூற்றைப் பயன்படுத்தியிருந்தேன். எத்தீரியம் பயன்படுத்துவது ‘கெச்சாக்-256’. இரண்டும் ஒரே வடிவமைப்பிலிருந்து வந்தவை. ஆனால் 2015 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் ஷா3-ஐ இறுதி செய்தபோது, உள்ளீட்டின் முடிவில் சேர்க்கப்படும் நிரப்புப் பிட்டுகள் மாற்றப்பட்டன. எத்தீரியம் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டது. அந்தச் சிறு வேறுபாட்டால் விடைகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாக வருகின்றன. சரியான செயல்கூற்றை நிறுவி மறுபடி ஓட்டியபோது ஹாஷ் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

எடுத்த கோடை எப்படிப் பார்ப்பது? அந்தக் காலத்தில் சாலிடிட்டி மொழியில் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் ‘6060604052’ என்று தொடங்கும். 2018-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் ‘6080604052’ என்று தொடங்கும். 60 என்பது அடுத்துவரும் ஒரு பைட்டை அடுக்கில், அதாவது கணக்கிடும்போது மதிப்புகளை வைக்கும் இடத்தில், வை என்ற கட்டளை. ஆகவே 80-ஐ வை, 40-ஐ வை, பிறகு 52, அதாவது நினைவகத்தில் எழுது. வெற்று நினைவகம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதைக் குறித்துவைக்கும் சடங்கு அது. பழைய தொகுப்பி (மூலநிரலைப் பைட்கோடாக மாற்றும் மென்பொருள்) 60 ஹெக்ஸாவிலிருந்து, அதாவது 96-ஆம் பைட்டிலிருந்து, இடத்தைக் கொடுத்தது. புதியது 128-இலிருந்து கொடுக்கிறது. முதல் ஐந்து பைட்டுகளைப் பார்த்தே ஒப்பந்தத்தின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அழிப்புக் கட்டளையின் பைட் ‘எஃப்எஃப்’. நூலகத்தின் கோடில் அதைத் தேடப் போய் நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். உரைத் தேடலில் ‘எஃப்எஃப்’ என்று தட்டினால் ஒப்பந்தங்கள் பலவற்றில் வரிசையாகப் பல இடங்கள் மின்னும். அவற்றில் பெரும்பாலானவை கட்டளைகளே அல்ல. 73 என்ற கட்டளை தன் பின்னால் வரும் 20 பைட்டுகளைத் தரவாக எடுத்துக்கொள்ளும். முகவரியின் நீளத்துக்கு மதிப்பை வெட்டுவதற்காக, தொகுப்பி அங்கே இருபது ‘எஃப்எஃப்’களை நிரப்பி வைத்திருக்கும். எனவே பைட்கோடை நடுவிலிருந்து படிக்கக் கூடாது. முதல் பைட்டில் தொடங்கி, 60 முதல் ‘7எஃப்’ வரையிலான கட்டளைகள் ஒவ்வொன்றும் எத்தனை பைட்டுகளை விழுங்குகிறது என்று எண்ணிக்கொண்டே தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போனால்தான் உண்மையான ‘எஃப்எஃப்’ எது என்று தெரியும்.

அதற்கும் முன்னால், கோடின் தொடக்கப் பகுதியிலேயே, செயல்கூறுகளின் அடையாள எண்கள் வரிசையாக நிற்கும். செயல்கூறின் பெயரையும் உள்ளீட்டு வகைகளையும் சேர்த்து ஹாஷ் செய்து முதல் நான்கு பைட்டுகளை எடுத்தால் கிடைப்பது அது. ஒவ்வொன்றுக்கும் முன்னால், நான்கு பைட்டுகளை அடுக்கில் வைக்கும் 63 என்ற கட்டளை இருக்கும். ‘கில்’ என்ற செயல்கூறின் எண் ‘சிபிஎஃப்0பி0சி0’. நவம்பர் 6 அன்று அனுப்பப்பட்ட அந்தப் பரிவர்த்தனையின் தரவும் இதே நான்கு பைட்டுகளில்தான் தொடங்குகிறது. பரிவர்த்தனை ஒரு சாளரத்திலும், மீட்டெடுத்த கோடு மறு சாளரத்திலும் திறந்திருக்க, இரண்டிலும் அந்த எட்டு எழுத்துகளைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தம்பிக்கு முகம் மலர்ந்தது. “பூட்டும் சாவியும் மாதிரி இருக்கிறதே அண்ணா” என்றார்.

வாலட்டுகளின் பக்கம் திரும்பினால் இன்னொன்று தெரியும். ஓடுகளாக இருந்த அந்த வாலட்டுகளில் நூலகத்தின் முகவரி மாற்ற முடியாத மாறிலியாக எழுதப்பட்டிருந்தது. அதாவது அந்த முகவரி சேமிப்பில் இல்லை; பைட்கோடுக்குள்ளேயே, 73-க்குப் பின்னால், இருபது பைட்டுகளாகப் பதிந்திருக்கிறது. சேமிப்பில் இருந்திருந்தால் உரிமையாளர்கள் வேறு நூலகத்தைச் சுட்ட ஒரு வழியையாவது வைத்திருக்கலாம். கோடில் இருப்பதை யாராலும் தொட முடியாது. கோடே இல்லாத முகவரிக்கு ‘டெலிகேட்கால்’ அனுப்பினால் எத்தீரியம் அதைத் தோல்வியாகக் கருதுவதில்லை. வெற்றி என்றே சொல்லித் திரும்பிவிடும். ஆகவே பணத்தை எடுக்கச் சொல்லும் பரிவர்த்தனை பிழையின்றி முடிகிறது, பணம் மட்டும் நகர்வதில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளும் பகுதி ஓட்டிலேயே இருந்ததால், உள்ளே வருவது மட்டும் வழக்கம்போல் நடக்கும். அதே முகவரியில் நூலகத்தை மறுபடி நிறுவவும் வழியில்லை. சாதாரண முறையில் நிறுவப்படும் ஒப்பந்தத்தின் முகவரி, நிறுவியவரின் முகவரியையும் அவரது பரிவர்த்தனை எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது, அந்த எண்ணிக்கை பின்னோக்கிப் போகாது. திருத்திய கோடை நெறிமுறை மாற்றத்தின் மூலம் அதே முகவரியில் வைக்கலாம் என்று 2018 ஏப்ரலில் ‘இஐபி 999’ என்ற எத்தீரியம் மேம்பாட்டு முன்மொழிவு வந்து, கடும் விவாதத்துக்குப் பின் ஏற்கப்படாமல் போனது. கோடு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதை அந்த இடத்தில் வைக்கத்தான் முடியவில்லை.

கோடை மீட்க இன்னொரு வழியும் உண்டு. ஒப்பந்தத்தை நிறுவிய பரிவர்த்தனையின் தரவிலிருந்து எடுப்பது. ஆனால் அங்கே இருப்பது வேறு கோடு. நிறுவும்போது அனுப்பப்படுவது தொடக்கக் கோடு. அது ஒருமுறை மட்டும் ஓடி, தொடக்க மதிப்புகளை எழுதிவிட்டு, நிரந்தரமாக இருக்க வேண்டிய கோடை விடையாகத் திருப்பித் தருகிறது. அந்த விடைதான் முகவரியில் தங்குகிறது, ‘ஈத் கெட்கோட்’ தருவதும் அதைத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒன்றின் ஹாஷை மற்றொன்றோடு ஒப்பிட்டு, ஒப்பந்தம் பொய் என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கக் கோடைத் தன் கணினியில் மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டினால் நிரந்தரக் கோடு கிடைத்துவிடும். நிரந்தரக் கோடிலிருந்து தொடக்கக் கோடுக்குத் திரும்பிப் போக முடியாது. ஒப்பந்தத்தை இன்னொரு ஒப்பந்தம் நிறுவியிருந்தால் பரிவர்த்தனையின் தரவில் தொடக்கக் கோடு நேரடியாக இருக்காது. பரிவர்த்தனையை மறுபடி ஓட்டி உள்ளே நடந்த அழைப்புகளைப் பதிவு செய்யும் தடமறிதல் வசதி உள்ள நோடிடம்தான் கேட்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது: 2022 செப்டம்பரில் நடந்த, எத்தீரியம் பங்குச் சான்று முறைக்கு மாறிய ஒன்றிணைப்புக்கு முந்தைய பிளாக்குகளின் பரிவர்த்தனைகளை வைத்திருக்காமல் விட்டுவிட நோடு மென்பொருள்கள் இப்போது இடம் தருகின்றன. 2017-இன் பரிவர்த்தனையைத் தேடுபவர், தன் நோடு அதை வைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த உழைப்பு பழங்கதைக்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் மூலநிரலைக் கொடுத்து, இதுதான் சங்கிலியில் ஓடிக்கொண்டிருக்கிறது, தணிக்கை செய்து கொடுங்கள் என்றது. மூலநிரல் நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. நான் வழக்கப்படி அதைத் தொகுத்து, சங்கிலியிலிருந்து எடுத்த கோடோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலில் கடைசிப் பகுதியில் வேறுபாடு தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான்: கோடின் இறுதியில் தொகுப்பி தன் பதிப்பையும் மூலநிரல் விவரங்களின் ஹாஷையும் எழுதிவைக்கும். கடைசி இரண்டு பைட்டுகள் ‘0033’ என்றிருந்தால் அவற்றுக்கு முன்னுள்ள 51 பைட்டுகள் அந்த விவரம் என்று பொருள். அதற்குச் சற்று முன் ‘000813’ என்றிருந்தால் தொகுப்பியின் பதிப்பு 0.8.19. மூலநிரலில் ஒரு குறிப்புரையை மாற்றினால்கூட அந்த ஹாஷ் மாறிவிடும், கட்டளைகள் மாறாது. ஆகவே வாலை வெட்டிவிட்டு மறுபடி ஒப்பிட்டேன். அடுத்து, ‘7எஃப்’ கட்டளைக்குப் பின்னால் என் பிரதியில் 32 சுழியப் பைட்டுகளும் சங்கிலியின் கோடில் ஒரு முகவரியும் இருந்தன. அதுவும் சரிதான், நிறுவும்போது நிரப்பப்படும் மாறாத மதிப்புகளுக்காகத் தொகுப்பி விட்டுவைக்கும் இடம் அது.

மூன்றாவது வேறுபாட்டுக்கு அப்படி எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை. என் பிரதியில், பணத்தை வெளியே அனுப்பும் செயல்கூறின் தொடக்கத்தில், அழைப்பவர் யார் என்பதைக் கேட்கும் 33 என்ற கட்டளையும் அதைத் தொடர்ந்து ஓர் ஒப்பீடும் இருந்தன. சங்கிலியில் இருந்த கோடில் அவை இல்லை. திருத்தத்துக்கு முந்தைய கிளையைத்தான் அவர்கள் நிறுவியிருந்தார்கள். மூலநிரலில் திருத்தியதைச் சங்கிலியிலும் திருத்திவிட்டதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் அல்லாதவரும் அந்தச் செயல்கூறை அழைத்திருக்க முடியும். அன்று மாலைக்குள் அந்த ஒப்பந்தத்தில் இருந்த பணம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. மூலநிரலை மட்டும் படித்து ‘குறையில்லை’ என்று நான் கையெழுத்திட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் பதறுகிறது.

எடுத்த கோடு முழுக் கதையையும் சொல்லாத இடங்களும் உண்டு. சில ஒப்பந்தங்களைக் கேட்டால் 45 பைட்டுகள் மட்டுமே வரும். ‘இஐபி 1167’ என்ற குறும்பதிலி அது, அதாவது வேலையை வேறொரு ஒப்பந்தத்திடம் ஒப்படைக்கும் சிறு ஓடு: முதல் 10 பைட்டுகள், நடுவில் 20 பைட்டுகளாக ஒரு முகவரி, கடைசியில் 15 பைட்டுகள். உண்மையான கோடு அந்த நடு முகவரியில் இருக்கிறது. அதற்கு மறுபடி ஓர் அழைப்பு அனுப்ப வேண்டும். வேறு பதிலிகள் தம் இலக்கு முகவரியைச் சேமிப்பில் வைக்கின்றன. அதற்கென்று ‘இஐபி 1967’ வகுத்த குறிப்பிட்ட இடத்தை ‘ஈத் கெட்ஸ்டோரேஜ்அட்’ அழைப்பால் படிக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பது பிளாக்குக்கு பிளாக் மாறலாம் என்பதால், இரண்டு அழைப்புகளையும் ஒரே பிளாக் எண்ணில்தான் செய்ய வேண்டும். பதிலியை ஒரு பிளாக்கிலும் இலக்கை இன்னொரு பிளாக்கிலும் எடுத்துச் சேர்த்தால், எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்திராத ஒரு ஜோடியைத் தணிக்கை செய்துகொண்டிருப்போம்.

பிளாக் எண்ணை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதை 2023 மே 20 அன்று எல்லோரும் பார்த்தோம். பரிவர்த்தனைகளின் தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் நெறிமுறையின் ஆட்சிமன்றத்தில் ஒருவர் முன்மொழிவு ஒன்றை வைத்தார். அது செயல்படுத்த வேண்டிய கோடு ஒரு முகவரியில் இருந்தது. முன்பு நிறைவேறிய ஒன்றைப் போலவே இருப்பதாகச் சொல்லப்பட்டது. உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றார்கள். பிறகு அந்த ஒப்பந்தம் தன்னையே அழித்துக்கொண்டது; அதே முகவரியில் வேறு கோடு வந்து உட்கார்ந்தது. 2019 பிப்ரவரி முதல் எத்தீரியத்தில் இருக்கும் ‘கிரியேட்2’ கட்டளையையும் பழைய ‘கிரியேட்’ கட்டளையையும் இணைத்தால், அழிவுக்குப் பின் அதே முகவரிக்குத் திரும்ப முடிந்தது. புதிய கோடு செயல்படுத்தப்பட்டபோது தாக்கியவருக்கு 12 லட்சம் வாக்குகள் கிடைத்தன, ஆட்சிமன்றம் அவர் கைக்குப் போனது. வாக்களித்தவர்கள் பார்த்தது உண்மையான கோடுதான். ஆனால் அது வாக்களித்த நாளின் கோடு, நிறைவேறிய நாளின் கோடு அல்ல. செயல்படுத்துவதற்கு முந்தைய கணத்தில் ஒருவர் கோடின் ஹாஷை மறுபடி எடுத்து ஒப்பிட்டிருந்தால் மாற்றம் தெரிந்திருக்கும். ஒப்பந்தத்துக்குள்ளிருந்தே அதைச் செய்ய ‘எக்ஸ்ட்கோட்ஹாஷ்’ என்ற கட்டளையும் அப்போதே இருந்தது. முன்மொழியும்போது ஹாஷைக் குறித்துவைத்து, நிறைவேற்றும்போது ஒப்பிடும் இரண்டு வரிகள் போதுமாயிருந்திருக்கும்.

2024 மார்ச் 13 அன்று வந்த டென்கன் மேம்பாட்டுக்குப் பின் இந்த வாசல் பெருமளவு அடைபட்டது. இப்போது அழிப்புக் கட்டளை, ஒப்பந்தம் உருவான அதே பரிவர்த்தனைக்குள் வந்தால் மட்டுமே கோடை நீக்கும். மற்ற நேரங்களில் இருப்புத் தொகையை அனுப்பிவிட்டு நின்றுவிடும். பாரிட்டி நூலகத்துக்கு வந்த அந்த ‘எஃப்எஃப்’ இன்று வந்திருந்தால் நூலகம் அப்படியே இருந்திருக்கும். இதைச் சொன்னபோது தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் அதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாகவே இருக்கிறது. ஆறு ஆண்டு நான்கு மாதத் தாமதம்.

ஒரு வாசல் அடைபட்டதும் இன்னொரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. கோடு இருந்தால் ஒப்பந்தம், இல்லாவிட்டால் மனிதரின் கணக்கு என்று எவ்வளவோ நிரல்களில் எழுதிவைத்திருக்கிறோம். 2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்பாட்டிலிருந்து, சாதாரணக் கணக்கொன்றும் தன் பெயரில் 23 பைட்டுகள் வைத்திருக்கலாம்: ‘இஎஃப்0100’ என்ற மூன்று பைட்டுகள், பின்னால் 20 பைட்டுகளாக ஒரு முகவரி. தன் வேலையை அந்த முகவரியின் கோடிடம் ஒப்படைத்திருக்கிறேன் என்று அந்தக் கணக்கு அறிவிக்கும் குறி அது. உரிமையாளர் நினைத்தால் நாளைக்கே இலக்கை மாற்றலாம், எடுத்தும்விடலாம். பழைய நிரல்கள் அதைப் பார்த்து ஒப்பந்தம் என்று முடிவுசெய்துவிடும்.

எங்கள் சேமிப்பகத்தில் இப்போது எந்தக் கோடையும் முகவரியை மட்டும் பெயராக வைத்துச் சேமிப்பதில்லை. கோப்பின் பெயரில் சங்கிலியின் எண், முகவரி, பிளாக் எண், கோடின் கெச்சாக் ஹாஷின் முதல் எட்டு எழுத்துகள் நான்கும் இருக்க வேண்டும். பக்கத்திலேயே சான்றுச் சங்கிலியும் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். பதிலியாக இருந்தால் இலக்கின் கோப்பும் அதே பிளாக் எண்ணோடு கூடவே இருக்கும். தம்பி அன்று மாலை நூலகத்தின் கோடை 45,01,968-இல் எடுத்து, ஹாஷைச் சரிபார்த்து, சரியான பெயரோடு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பார்த்தால், அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பும் இருந்தது: அதே சங்கிலி, அதே முகவரி, பிளாக் எண் மட்டும் 45,01,969. கோப்பின் அளவு சுழியம் பைட்; ஹாஷ் இருக்க வேண்டிய இடத்தில் ‘சி5டி24601’ என்று தொடங்கும் அந்த எட்டு எழுத்துகள்.